போர்க்காலச் சூட் ஒன்றின் காலக் கணிப்பும் பழுதுபார்ப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பழைய ஆண்கள் சூட்டுகளையும் கோட்டுகளையும் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கோட்டு வேலையை மதுரையில் ஒரு தையற்கடையில் கற்றுக்கொண்டேன். எழுபது, எண்பது ஆண்டுகளைக் கடந்த துணியைக் கையாளும் பழக்கம் இங்கு வந்த பிறகே ஏற்பட்டது. இங்கே பதிவு செய்யும் வேலை ஒரு ஜனவரியில் தொடங்கி அவ்வாண்டு ஜூலையில் முடிந்தது. வாடிக்கையாளரின் இசைவுடன் எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் சொல்லவில்லை.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி தம் தாத்தாவின் சூட்டை ஒரு பழைய தலையணை உறைக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்தார். ஜூன் மாதம் நடக்கவிருந்த தம் மகனின் திருமணத்தில் மகன் அதை அணிய விரும்புவதாகவும், பூச்சி அரித்த இடங்களை அடைத்து, கோட்டை அவனுடைய உடம்புக்கு ஏற்பத் தளர்த்தி, பேன்ட்டின் கால்மடிப்பைப் பிரித்து நீளத்தைக் கூட்டித் தர வேண்டும் என்றும் கேட்டார். கால்மடிப்பு என்பது பேன்ட்டின் அடியில் வெளிப்பக்கமாக மடித்து நிறுத்தும் ஒன்றரை அங்குலப் பட்டை. நம் ஊரிலும் ஒரு காலத்தில் அது நாகரிகமாக இருந்தது.

சூட்டோடு ஒரு கதையும் வந்தது. தாத்தா போரிலிருந்து திரும்பியபோது அரசு கொடுத்த சூட் அது என்று குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படைகளிலிருந்து விடுவிக்கப்பட்ட ஆண்களுக்கு 1945 முதல் அரசு ஒரு தொகுதி உடைகளை வழங்கியது உண்மை. தொப்பி, சட்டைகள், டை, காலணி, மழைக்கோட்டு ஆகியவற்றோடு ஒரு சூட்டும் அதில் இருக்கும். படைவிடுவிப்பைக் குறிக்கும் சொல்லைச் சுருக்கி, அதை ‘டீமாப் சூட்’ என்பார்கள். அவற்றில் பெரும்பங்கு லீட்ஸ் நகரத் தொழிற்சாலைகளில் தைக்கப்பட்டது; அங்கே ஹட்சன் சாலையில் இருந்த மான்டேக் பர்ட்டன் ஆலையில் மட்டுமே ஒரு காலத்தில் 10,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஆகையால் யார்க்‌ஷயர்க் குடும்பம் ஒன்றில் அத்தகைய சூட் இருப்பதில் வியப்பில்லை. நானும் அன்று அந்தக் கதையை அப்படியே ஏற்றுக்கொண்டு, ரசீதிலும் ‘டீமாப் சூட், 1945–46’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு வரி பின்னால் எனக்குத் தொல்லையாயிற்று.

முதற் சோதனை

அந்துப்பூச்சி அரித்த எதையும் நேரே வேலை மேசைக்குக் கொண்டுபோவதில்லை என்பது பட்டறையின் கட்டாய விதி. பக்கத்தில் தொங்கும் மற்றொருவருடைய கம்பளிக் கோட்டுக்கு அது பரவினால் பதில் சொல்ல முடியாது. சூட்டைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் இட்டு மூடி, மைனஸ் 18 டிகிரியில் 14 நாள் உறைய வைத்தோம். வெளியே எடுத்த பிறகும் ஒரு முழு நாள் பையைத் திறக்கவில்லை. குளிர்ந்த துணிமேல் அறையின் ஈரம் படிந்துவிடக் கூடாது என்பதே காரணம்.

பிப்ரவரி தொடக்கத்தில் கோட்டை மேசையில் விரித்தபோது நாப்தலீன் உருண்டையின் வாசம் அறை முழுவதும் பரவியது. கருநீலக் கம்பளித் துணி. கண்ணை அருகில் கொண்டுபோனால் மட்டுமே தெரியும் மெல்லிய வெண்கோடுகள். ஒற்றை வரிசையில் மூன்று பொத்தான்கள். கீழே இரண்டு பைகள், உள்ளே ஒன்று. நெஞ்சில் வழக்கமாக இருக்கும் வெளிப்பை இல்லை. பேன்ட்டின் முன்புறம் ஜிப் இல்லாமல் பொத்தான்களால் மூடும்படி இருந்தது; இடுப்புப் பட்டியின் உட்புறத்தில் தோள்வார் மாட்டுவதற்கு ஆறு பொத்தான்கள். வெயிஸ்ட்கோட் இல்லை, ஒருவேளை முதலிலேயே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

கோட்டில் ஏழு துளைகள் இருந்தன. நான்கு காலரின் அடிப்பக்கத்தில் கடுகளவில் இருந்ததால் வெளியே தெரியாது. எஞ்சிய மூன்றும் இடப்புற முன்பாகத்தில், பைக்குக் கீழே, ஏதோ ஒரு காலத்தில் பானம் சிந்திய கறையைச் சுற்றி இருந்தன. அவற்றுள் பெரியது புளியங்கொட்டை அளவு. அந்துப்பூச்சியின் புழுவுக்குச் சுத்தமான கம்பளியைவிட வியர்வையும் உணவும் படிந்த கம்பளிதான் பிடிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது.

உள்பைக்கு அருகே தைத்திருந்த சிறு துணிச்சீட்டில் சிசி41 முத்திரை இருந்தது. ஒரு பக்கம் வெட்டி எடுத்த இரண்டு வட்டங்களும் 41 என்ற எண்ணும் சேர்ந்த அந்த முத்திரையைப் பாலாடைக்கட்டித் துண்டுகளோடு ஒப்பிட்டு அக்காலத்து மக்கள் கேலியாகப் பேசியதுண்டு. போர்க்காலத்தில் துணியும் உழைப்பும் வீணாகாமலிருக்க அரசு கொண்டுவந்த ‘யூட்டிலிட்டி’ திட்டத்தின் அடையாளம் அது. முத்திரையைப் பார்த்தவுடன் போர்க்காலச் சரக்கு என்று முடிவு கட்டிவிடுவோர் பலர் உண்டு. ஆனால் திட்டம் 1941-இல் தொடங்கி 1952 வரை நடந்ததால், முத்திரை மட்டும் நமக்குப் பதினோரு ஆண்டு இடைவெளியைத்தான் தருகிறது.

காலத்தைச் சுருக்கிய விதம்

சந்தேகம் பைகளை எண்ணியபோது எழுந்தது. யூட்டிலிட்டி திட்டத்தோடு கூட, 1942-இல் பிரிட்டிஷ் வர்த்தக வாரியம் தைப்பு முறைக்கே கட்டுப்பாடுகளை விதித்தது. ஆண்கள் கோட்டில் மூன்று பைகளுக்கு மேலும் முன்புறம் மூன்று பொத்தான்களுக்கு மேலும் இருக்கக் கூடாது. இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டு கூடாது; கைமுனையில் அலங்காரப் பொத்தான் கூடாது; பேன்ட்டில் ஜிப் கூடாது, கால்மடிப்பும் கூடாது. இவற்றுள் கால்மடிப்புத் தடையே ஆண்களின் எரிச்சலை மிகுதியாகக் கிளப்பியது. ஆண்களின் உடைக்கான இக்கட்டுப்பாடுகள் 1944 தொடக்கத்தில் நீக்கப்பட்டன.

மேசையில் இருந்த கோட்டு இந்த விதிகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றியது. போர் முடிந்தபின் வழங்கிய சூட்டாக இருந்தால், அதற்கு ஓராண்டுக்கு முன்பே கைவிட்ட சிக்கன விதிகளின்படி அதைத் தைத்திருக்கக் காரணம் இல்லை. எனினும் இரண்டு இடங்கள் ஒத்துவரவில்லை. ஒன்று, பேன்ட்டின் கால்மடிப்பு. மற்றொன்று, கோட்டின் கைமுனைப் பொத்தான்கள்: வலக்கையில் இரண்டு, இடக்கையில் ஒன்று, இன்னொன்று உதிர்ந்து நூல் மட்டும் நின்றது. விதிப்படி இவை இருக்கவே கூடாது.

பொத்தான்களை முதலில் பார்த்தேன். முன்புறப் பொத்தான்களில் நான்கு துளைகள், ஓரம் தடித்த வார்ப்பு, அடர்நீல நூல். கைமுனைப் பொத்தான்கள் சற்றுப் பழுப்பு கலந்தவை, நூலோ கறுப்பு. கையின் உட்புறத்தைத் திருப்பியபோது அந்தக் கறுப்பு நூல் லைனிங்கையும் துளைத்து வெளியே வந்து, அங்கே ஒரு தடித்த முடிச்சாக நின்றது. லைனிங் போடுவதற்கு முன்பே கைமுனைப் பொத்தானைத் தைத்துவிடுவதுதான் தொழிற்சாலை வழக்கம். முடிச்சு உள்ளே மறைந்துவிடும். ஆக, கோட்டு முழுமையடைந்த பின், வீட்டில் யாரோ உட்கார்ந்து தைத்த பொத்தான்கள் இவை. தடை நீங்கியதும் செய்திருக்கலாம். பத்து ஆண்டு கழித்தும் செய்திருக்கலாம்.

கால்மடிப்பு இன்னும் சுவையானது. அதைத் தாங்கி நின்றது எந்திரத் தையல் அன்று. ஒழுங்கில்லாத எம்மிங் தையல், ஓர் அங்குலத்துக்கு நாலைந்து குத்துகள். ஓரத்தில் ஒரு சிறு பகுதியைப் பிரித்து உள்ளே பார்த்தபோது வேறு எந்தப் பழைய மடிப்புக்கோடும் தென்படவில்லை. அதாவது, முதலில் சாதாரணமாக மடித்து அணிந்துவிட்டுப் பிறகு மாற்றியதன்று. முதல் நாளிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கிறது. அக்காலத்து ஆண்கள் தங்கள் அளவைவிட நீளமான பேன்ட்டை வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துத் தடையைத் தாண்டினார்கள் என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது இதுவே முதல் முறை. மடிப்பின் பள்ளத்தில் பஞ்சுத் திரளும், இரண்டு காய்ந்த புல்விதைகளும், விரலில் ஒட்டிக்கொண்ட கரித்தூளும் இருந்தன. அவற்றை ஒரு காகித உறையில் இட்டுத் தேதி எழுதி வைத்தேன்.

இவ்வளவையும் சேர்த்து, 1942-க்கும் 1944 தொடக்கத்துக்கும் இடையே தைத்த சூட் என்று குறித்துக்கொண்டேன். விதி நீங்கிய பிறகும் பழைய சரக்கு கடைகளில் சில மாதம் இருந்திருக்கும் என்பதால் பின்னெல்லையைக் கறாராகச் சொல்லவில்லை. ஆனால் அரசு கொடுத்த சூட் என்ற கதைக்கு இதில் இடமில்லை. கூப்பன் கொடுத்துக் கடையில் வாங்கிய சூட் அது. துணிப் பங்கீடு ஜூன் 1941-இல் தொடங்கியபோது ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 66 கூப்பன். கோட்டுக்கு 13, பேன்ட்டுக்கு 8, வெயிஸ்ட்கோட்டுக்கு 5 என்று மூன்றுக்குமாக 26 போய்விடும். பின் வந்த ஆண்டுகளில் பங்கீடு இன்னும் இறுகியது.

புகைப்படங்கள்

காலத்தை உறுதி செய்வதற்காக, தாத்தாவின் பழைய படங்கள் இருந்தால் அனுப்பும்படி கேட்டிருந்தேன். இரண்டு வந்தன. ஒன்று அவருடைய திருமணப் படம். பின்புறத்தில் பென்சிலால் 1943 என்று எழுதியிருந்தது. மணமகன் நாற்காலியில் அமர்ந்து கைகளைத் தொடைமேல் வைத்திருக்கிறார். உருப்பெருக்கிப் பார்த்தால் கைமுனையில் பொத்தான் இல்லை, காலில் மடிப்பு இருக்கிறது. நெஞ்சில் வெளிப்பை இல்லாததும் தெரிகிறது. கருப்பு வெள்ளைப் படத்தில் துணியின் நிறத்தைச் சொல்ல முடியாது என்றாலும், வேறு சூட் என்று வாதிட எனக்கு எதுவும் மிஞ்சவில்லை.

மற்றப் படத்தில் அவர் சீருடையில் நிற்கிறார். படைவீரர் என்ற குடும்ப நம்பிக்கைக்கு வேர் அந்தப் படம்தான். ஆனால் தோள்பட்டையில் தைத்த பட்டையில் ‘ஹோம் கார்டு’ என்ற எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. எதிரி கரையிறங்கினால் எதிர்ப்பதற்கென்று 1940-இல் அமைந்த உள்நாட்டுக் காவற்படை அது; பகலில் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு மாலையிலும் வார இறுதியிலும் பயிற்சி எடுத்தவர்கள் அதில் இருந்தார்கள். 1944 டிசம்பரில் அதன் பணி நிறுத்தப்பட்டது. டீமாப் சூட் அவர்களுக்கான ஏற்பாடன்று.

தையற்காரன் இதைச் சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னிடம் கேட்டது துளை அடைக்க. குடும்ப வரலாறு எழுத அல்ல. ஆனால் ரசீதில் நானே ‘டீமாப் சூட்’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். வேலை முடிந்தபின் தரும் விவரத்தாளிலும் அதையே எழுதினால் அறிந்தே எழுதிய பொய்யாகும். எழுதாமல் விட்டால் ஏன் என்ற கேள்வி வரும். எனவே சூட்டின் காலம் பற்றி மட்டும் காரணங்களோடு ஒரு மின்னஞ்சல் எழுதி, சீருடைப் படத்தின் தோள்பட்டையை ஒருமுறை உற்றுப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அதற்கு மேல் எதையும் நான் சொல்லவில்லை.

ஒன்பது நாள் பதில் இல்லை. பிறகு அந்தப் பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். எண்பதை நெருங்கும் தம் அத்தையிடம் கேட்டதாகவும், தாத்தா போர் முழுவதும் ரயில் எஞ்சின் பட்டறையில் வேலை செய்ததாகவும், அந்த வேலை போருக்கு இன்றியமையாதது என்பதால் அவரைப் படைக்கு எடுக்கவில்லை என்றும் அத்தை சொன்னாராம். சூட் வாங்கக் கூப்பன் போதாமல் மணமகளின் வீட்டாரும் கொடுத்துதவினார்கள் என்பதும் அத்தைக்குத் தெரிந்திருந்தது. “எங்களிடம் யாரும் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் யாரையும் கேட்கவில்லை” என்றார் பெண்மணி. கால்மடிப்பில் இருந்த கரித்தூளை அப்போது நினைத்துக்கொண்டேன். ஆனால் கரி அக்காலத்தில் எல்லா வீட்டுப் புகைபோக்கியிலிருந்தும் வந்ததுதான், ஆகையால் அதை ஒரு சான்றாக விவரத்தாளில் சேர்க்கவில்லை.

மகனுக்கு இது எளிதாக இருக்கவில்லை. திருமண அழைப்போடு தரவிருந்த சிறு கையேட்டில் தாத்தாவின் போர்ச் சேவை பற்றி இரண்டு வரி எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்தான். சூட்டே வேண்டாம், புதிதாக ஒன்று எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு கட்டத்தில் சொல்லிவிட்டதாகத் தாய் தெரிவித்தார். அவர்கள் முடிவெடுக்கும்வரை மூன்று வாரம் சூட்டைத் தொடாமல் வைத்திருந்தேன். மார்ச் இறுதியில் இருவரும் நேரில் வந்தார்கள். மகன் கோட்டை அணிந்து கண்ணாடி முன் நின்று, கைமுனைப் பொத்தான்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாட்டி தைத்ததாக இருக்குமா?” என்று கேட்டான். தெரியாது என்றேன். அணிகிறேன் என்றான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கோட்டு 38 அங்குல மார்புக்குத் தைத்தது. மணமகனுக்கு மார்பு 40. நல்ல தையற்கடையில் அளவெடுத்துத் தைத்த கோட்டானால் பின்முதுகிலும் பக்கத்திலும் தாராளமாகத் துணி உள்ளே விட்டிருப்பார்கள். சிக்கனக் காலத்துக் கோட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. எல்லாத் தையலையும் அளந்து பார்த்ததில், ஓரத்தில் அரைக்கால் அங்குலத்தைப் பாதுகாப்புக்கு விட்டுவிட்டு, மொத்தம் ஒன்றேகால் அங்குலம் மட்டுமே தளர்த்த முடியும் என்று தெரிந்தது. பொத்தான் போடாமல் அணிந்தால் போதும். போட்டால் முதுகு இழுக்கும். இதை மணமகனிடம் முன்கூட்டியே சொல்லி, ஒப்புதல் பெற்று எழுதிக்கொண்டேன்.

பேன்ட்டைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். கால்மடிப்பைப் பிரித்தால் மூன்று அங்குலம் கிடைக்கும். அவனுக்கு வேண்டியது நாலு. இடுப்போ நாலு அங்குலம் போதாது. எட்டாத நீளத்துக்காக அந்தக் கைத்தையலை அழிப்பதில் பொருளில்லை. எண்பது ஆண்டு மடிந்தே இருந்த துணியில் மடிப்புக்கோடு வெளுத்த வரியாக எப்படியும் நின்றுவிடும். மாற்றாக, சாம்பல் நிற ஃபிளானல் துணியில் உயர்ந்த இடுப்பு வைத்து ஒரு புதிய பேன்ட் தைத்துக் கொடுத்தேன். கோட்டும் பேன்ட்டும் வெவ்வேறு துணியில் அணிவது அக்காலத்திலேயே இருந்த வழக்கம் என்பதால் பார்வைக்கு உறுத்தவில்லை.

உதிர்ந்த கைமுனைப் பொத்தானுக்கு ஈடாக ஒத்த பழுப்பு நிறத்தில் ஒன்று தேடித் தைத்தேன். நான்கையும் எடுத்துவிட்டு 1943-இல் இருந்தபடியே ஆக்கலாமே என்று பழஞ்சூட் சேகரிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். அந்தப் பொத்தான்களும் இந்தச் சூட்டுக்கு நடந்தவைதாம். அவற்றை நீக்க எனக்கு யாரும் உரிமை தரவில்லை.

துளைகளை இழை கோத்து அடைக்க அதே துணியின் நூல் வேண்டும். கோட்டின் உள்விளிம்புகளைத் தளர்த்துவதற்கு ஒதுக்கிவிட்டதால், பேன்ட்டின் பின்தையலில் உள்ளே மடிந்திருந்த துணியிலிருந்து நூல் உருவினேன். ஒளி படாத இடமாதலால் அது கோட்டின் முகத்தைவிட ஒரு சாயல் கருமையாக இருந்தது. சன்னல் ஓரத்தில் வைத்து வெளுக்க விடலாம் என்று ஐந்து வாரம் காத்திருந்தேன். யார்க்‌ஷயரின் வசந்த கால வெயிலை நம்பியது என் தவறு. நூல் மங்கவே இல்லை. இறுதியில் அப்படியே பயன்படுத்தினேன். பெரிய துளையை அடைத்த இடம், பகல் வெளிச்சத்தில் அருகில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இன்றும் தெரியும்.

லைனிங் கிழிந்தது

ஏப்ரல் மாத நடுவில் என் கையாலேயே ஒரு சேதம் நேர்ந்தது. வலது அக்குளின் லைனிங்கில் வியர்வைக் கறை காய்ந்து விறைத்திருந்தது. வெளித்துணியில் பயன்படுத்தும் முறையிலேயே, மெல்லிய சோப்பு கலந்த நீரில் பஞ்சை நனைத்து அந்தக் கறையை ஒற்றி எடுத்தேன். மூன்றாவது முறை ஒற்றியபோது லைனிங் சத்தமே இல்லாமல் விரல்களுக்கடியில் பிளந்தது. அளந்தபோது 14 சென்டிமீட்டர்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். அக்கால லைனிங் பெரும்பாலும் ரேயான். மரக்கூழிலிருந்து எடுக்கும் இந்த இழை நனைந்தால் தன் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். பருத்தி அப்படியன்று, நனைந்தால் வலுக்கூடும். பருத்தியில் வளர்ந்த கைக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தும் மறந்துபோகிறது. அதோடு வியர்வையால் எண்பது ஆண்டு நைந்த இடம் அது. ஒரு நூலை உருவி ஈரத்தில் இழுத்துப் பார்க்கும் அரை நிமிடச் சோதனையை நான் செய்யவில்லை. அன்று மாலையே வாடிக்கையாளரை அழைத்து நடந்ததைச் சொல்லி, இதற்கான உழைப்புக்குக் கூலி வாங்கமாட்டேன் என்றும் தெரிவித்தேன்.

லைனிங் முழுவதையும் மாற்றுவது எளிய வழி. ஒரு நாள் வேலை. ஆனால் முத்திரைச் சீட்டு, கையின் உள்ளே நின்ற கறுப்பு முடிச்சுகள், தொழிற்சாலைத் தையல் எல்லாம் அந்த லைனிங்கோடு போய்விடும். எனவே கிழிசலின் அடியில் மெல்லிய பருத்தித் துணியைச் செருகி, கிழிந்த விளிம்புகளை அதன்மேல் படுக்கவைத்து, இடைவிட்ட நீள்தையலால் பிடித்தேன். மேலே அதே நிறத்தில் சாயம் ஏற்றிய நைலான் வலையைப் போர்த்தி ஓரம் அடித்தேன். அணியும்போது உராய்வும் வியர்வையும் அங்கே படாமலிருக்க, இரண்டு அக்குளிலும் கழற்றி எடுக்கக்கூடிய பிறைவடிவப் பருத்தித் திண்டுகளை வைத்தேன். இதற்கு மட்டும் ஒன்பது மணி நேரம் ஆயிற்று.

கிழிசலால் ஒரு நன்மையும் கிடைத்தது. அதன் வழியே உள்ளே பார்க்க முடிந்தபோது, மார்புக்குள் வைத்த கான்வாஸ் ஒட்டப்படாமல் முழுக்கத் தையலிலேயே நிற்பதும், தோளுக்கு மிக மெல்லிய பஞ்சுப் படலமே வைத்திருப்பதும் தெரிந்தன. தோள் திண்டு தடிப்பாக இருக்கும் என்று எண்ணி அழுத்தி இஸ்திரி போட நினைத்திருந்தேன். அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, வெறும் ஆவியைத் தூரத்திலிருந்து காட்டி, கையால் நீவி விட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

திருமண நாளும் அதன் பின்னும்

தளர்த்திய தையல்களை எல்லாம் பருத்தி நூலால் தைத்திருந்தேன். பாலியெஸ்டர் நூல் அறுந்துபோகாது. அதுதான் அதன் குறை. இழுவிசை கூடும்போது நூல் அறுந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம். நூல் நின்று துணி கிழிந்தால் செய்வதற்கு அதிகம் இல்லை. ஜூனில் திருமணம் நடந்தது. விருந்தின்போது மணமகன் ஒரு குழந்தையைத் தலைக்குமேல் தூக்கியபோது முதுகின் நடுத்தையல் நாலு சென்டிமீட்டர் விட்டுக்கொடுத்தது. பதறிப்போய்ப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஜூலையில் கோட்டு திரும்பி வந்தபோது துணியின் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. இருபது நிமிடத்தில் தைத்துக் கொடுத்தேன்.

திருமணக் கையேட்டில் போர்ச் சேவை பற்றிய வரிகள் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் 1943 திருமணப் படம் மட்டும் அச்சாகியிருந்தது. படத்தின் கீழே ஒன்றும் எழுதவில்லை. அத்தை விருந்தில் கோட்டின் கையைத் தடவிப் பார்த்ததாகவும், பொத்தான் தைத்தது யார் என்று அவருக்கும் நினைவில்லை என்றும் தாய் சொன்னார்.

மாற்றிக்கொண்டவை

பட்டறையின் ரசீதில் இப்போது ‘வாடிக்கையாளர் சொன்னது’, ‘நாங்கள் கண்டது’ என்று இரண்டு தனிக் கட்டங்கள் இருக்கின்றன. இரண்டாவது கட்டத்தைச் சோதனை முடியும்வரை வெறுமையாக விடுகிறோம். பழைய படம் இருந்தால் விலை சொல்வதற்கு முன்பே கேட்டு வாங்குகிறோம். ரேயான் லைனிங்கில் தண்ணீர் படும் எந்த வேலையும் ஒரு நூலைச் சோதித்த பிறகே நடக்கிறது. அன்று இருந்த உதவியாளரிடம், அது என் தவறு, அவனுடையதன்று என்று சொல்லி அதே கிழிசலைக் காட்டித்தான் அந்தச் சோதனையைக் கற்றுக்கொடுத்தேன்.

சூட்டின் காலத்தைப் பற்றி மின்னஞ்சலில் எழுதியதை இன்று செய்யமாட்டேன். மேசையில் கோட்டை விரித்து, பைகளை அவர்களே எண்ணும்படி செய்து, பொத்தானின் முடிச்சை விரலால் தொடவைத்துப் பிறகு சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது நாள் மௌனத்துக்கும் அதன் பின் மூன்று வாரத் தயக்கத்துக்கும் நான் தேர்ந்த வழியே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். நூலை வெளுக்க ஐந்து வாரம் வீணாக்கியதையும், பெரிய துளைக்கு இழை கோப்பதற்குப் பதிலாக அடியில் ஒட்டுத்துணி வைத்திருக்கலாமோ என்பதையும் பற்றி இன்னும் எனக்குத் தெளிவில்லை. தொழில் அறிந்த நண்பர்கள் இருவரிடம் கேட்டதில் ஆளுக்கொரு பதில் கிடைத்தது.

கோட்டும் பேன்ட்டும் இப்போது அமிலமற்ற அட்டைப் பெட்டியில், மடிப்புகளுக்கிடையே மெல்லிய தாள் சுருட்டி வைத்து, அந்தக் குடும்பத்தின் மாடி அறையில் இருக்கின்றன. கால்மடிப்பிலிருந்து எடுத்த பஞ்சும் புல்விதையும் கரித்தூளும் உள்ள காகித உறையையும் அதே பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், திறந்து பார்த்து அந்து இருக்கிறதா என்று எனக்கு எழுதுவதாகப் பெண்மணி சொல்லியிருக்கிறார். இதுவரை இரண்டு முறை எழுதியிருக்கிறார், பூச்சி இல்லை.